நீங்கள் கேட்காமல் போன இருமல்

ஓடைப்பட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் இதைப் படியுங்கள். மாரீஸ்வரி சாகவில்லை. உயிரோடு இருக்கிறாள். இன்று காலை பெரியாஸ்பத்திரியில் என் கையால் அரை இட்லி சாப்பிட்டாள். இந்த வரியைப் படித்துவிட்டு எங்காவது உட்கார்ந்துகொள்ளுங்கள். மிச்சத்தை மெதுவாகப் படிக்கலாம்.

நலமா என்று கேட்டுக் கடிதம் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்பதே நேற்று மாலைவரை எனக்குத் தெரியாது. கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிற மீரான் மைதீன் அண்ணன் நேற்று வந்து வாசலில் நின்றார். "தங்கச்சி, ஒரு விசயம் சொல்றேன், சத்தம் போட்டுறாத" என்றார். "வண்டன்மேட்டுக்கு அங்கிட்டு ஒரு ஏலக்கா ஸ்டோர்ல ஒங்க வீட்டுக்காரரப் பாத்தேன். தாடி வளந்து கெடக்கு. பேரச் சொல்லிக் கூப்புட்டேன். திரும்பிப் பாத்துட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டாக" என்றார். நான் சத்தம் போடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

உங்களை ஆற்றில் தேடினோம் மாமா. உத்தமபாளையம் ஆற்றுப் பாலத்தோரம் உங்கள் பைக் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அங்கிருந்து நீங்கள் குமுளி பஸ் ஏறியிருப்பீர்கள் என்று யாருக்குத் தோன்றும்? தீயணைப்புக்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார்கள். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. அத்தை கரையில் உட்கார்ந்திருந்தார். இறங்கியவர்களின் தலை வெளியே தெரியும்போதெல்லாம் எழுந்து நின்றார். ஒன்றும் அகப்படவில்லை என்று அவர்கள் சொல்லும்போது அழுவதா, நிம்மதிப்படுவதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. காது அடைத்துப்போய், யார் பேசினாலும் தூரத்தில் பேசுவது மாதிரி இருந்தது. இன்னும் அந்த அடைப்பு முழுதாக விடவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எந்த இடத்தில் தவறியது என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். எழுதினால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

வெள்ளைக்கரடு பள்ளியில் அந்த அறை முதலில் எப்படிக் கிடந்தது? உடைந்த பெஞ்சும் கிழிந்த தட்டியுமாக அடைந்து கிடந்தது. தலைமையாசிரியை ஞானசெல்வி அம்மா சாவியை என் கையில் கொடுத்து, "கம்ப்யூட்டர் எல்லாம் வரப்போகுது பவானி, இத ஒரு லேபா மாத்திக் குடு" என்றார். ஒப்பந்தக் கம்ப்யூட்டர் டீச்சரான என்னை நம்பி ஒரு அறையை ஒப்படைத்ததே எனக்குப் பெரிய விஷயம். வயரிங் நீங்கள் எடுத்தீர்கள். சுவரைக் கீறிக் குழாய் பதித்தீர்கள். நெட்வொர்க் கேபிளுக்கு நான் முனை அழுத்தினேன். மேசைகளை எந்தப் பக்கம் போடுவது என்று நம் வீட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து சண்டை போட்டோமே. சுருளியாண்டி அண்ணன் பள்ளிக்கூடத்தைக் கூட்டி முடித்ததும் வந்து உங்களுக்கு ஏணி பிடிப்பார். வயர் இழுக்கப் பழகினார். டெஸ்டர் வைத்துப் பார்க்கப் பழகினார். அவர் மகள் மாரீஸ்வரி முதன்முதலாகத் தன் பெயரைத் தமிழில் அடித்த அன்று, விளக்குமாறும் கையுமாக வாசலில் நின்று, "எம்புள்ள பேரு டிவில வருது மாப்ள" என்று உங்களிடம்தான் சொன்னார். அதே மனிதர்தான் அன்றைக்கு உங்கள் சட்டையைப் பிடித்தார்.

அந்த வாரம் மழை பிடித்ததும் டிரிப் ஸ்விட்ச் விழ ஆரம்பித்தது. கரண்ட் எங்காவது கசிந்தால் தானாகவே விழுந்து லைனை நிறுத்தும், பிள்ளைகள் புழங்குகிற இடம், இது இல்லாமல் வேலையை ஒப்படைக்க மாட்டேன் என்று நீங்கள் பிடிவாதமாக வைத்த ஸ்விட்ச். தூக்கி விட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி விழும். பிள்ளைகளுக்கோ இணையவழித் தேர்வு. பாதிக் கேள்வியில் திரை இருட்டிவிடும். நீங்கள் கடமலைக்குண்டில் மோட்டார் வேலையில் இருந்தீர்கள். போன் செய்தேன். "அது சும்மா விழாது பவானி, எங்கனயோ கசியுது. நான் வர்ற வரைக்கும் லேபப் பூட்டி வையி" என்றீர்கள். பூட்டினேன். ஞானசெல்வி அம்மாவிடமும் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். மறுநாள் எனக்குத் தேனியில் பயிற்சி வகுப்பு. அது முடிந்து அடுத்த நாள் பள்ளிக்குப் போனால் லேப் திறந்திருக்கிறது. தேர்வு நடக்கிறது. ஸ்விட்ச் விழவே இல்லை. தானாகச் சரியாகிவிட்டது என்றார்கள். உங்களிடம் சொன்னேன். நீங்கள் சந்தோஷப்படவில்லை. "தானா எப்பிடிச் சரியாகும்? இந்தா கெளம்பிட்டேன்" என்றீர்கள்.

நீங்கள் வந்து சேர்வதற்குள் மழை விட்டு வெயில் அடித்தது. மேற்கு ஜன்னல் வழியாக வெளிச்சம் நேரே திரைகள்மேல் விழுந்தது. ஒன்றும் தெரியவில்லை என்று பிள்ளைகள் கத்தினார்கள். "நான் கர்ட்டன இழுத்து விடுறேன் டீச்சர்" என்று மாரீஸ்வரி எழுந்து போனாள். கர்ட்டன் துணி சிக்கிக்கொண்டது. எட்டி, அந்த இரும்புக் கம்பியைப் பிடித்தாள். வெறுங்கால். தூசி வராமலிருக்கச் செருப்பை வெளியே விடுவதுதானே எல்லா லேபிலும் வழக்கம். முற்றத்துத் தண்ணீரில் நனைந்து வந்த கால்கள் இன்னும் காயவில்லை.

அவள் கத்தவில்லை மாமா. அதுதான் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கையைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளை சிரித்தாள்கூட. அப்புறம் அவள் தலைமுடி நடுங்குவதைப் பார்த்தேன். பிள்ளைகள் பிடிக்கப் போனார்கள். "யாரும் தொடாதீக!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே வேறு யாரோ போட்டது மாதிரி கேட்டது. அந்த நேரம் வராந்தாவில் நீங்கள் வந்தீர்கள். ஒரே பார்வை. ஓடிப்போய் மெயினை இறக்கினீர்கள். அவள் சுருண்டு விழுந்தாள்.

மூச்சு இல்லை. நாடி இல்லை. யாரோ "உசுரு போயிருச்சு, போயிருச்சு" என்றார்கள். சுருளியாண்டி அண்ணன் ஓடிவந்து மகளைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "ஏலே, எம்புள்ளயக் கொன்னுட்டியேடா! ஒன்னய நம்பித்தானே இங்கன உள்ள விட்டேன்!" என்று உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கியது வரை எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை. விளையாட்டு ஆசிரியர் ராஜா முகம்மது சார் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு அவள் நெஞ்சில் கைவைத்து அமுக்க ஆரம்பித்தார். "மூச்சு ஊதுங்க டீச்சர், நிறுத்தாம ஊதுங்க" என்றார். ஊதினேன். அவள் வாயில் மதியம் சாப்பிட்ட புளிச்சாத வாசனை இருந்தது. அமுக்குகிறார், ஊதுகிறேன், ஒன்றுமில்லை. மறுபடி, ஒன்றுமில்லை. அவர் வியர்வை என் கையில் சொட்டியது. பிறகு அவள் இருமினாள்.

ஒரே ஒரு இருமல். சின்னப் பிள்ளைக்குத் தண்ணீர் புரையேறினால் வருமே, அப்படி. நான் சிரித்துக்கொண்டே உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் நின்ற இடத்தில் உங்கள் ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. பின்சுவரைத் தாண்டித் திராட்சைத் தோட்டத்துக்குள் இறங்கி ஓடி, சாலைப்பக்கம் சுற்றிவந்து பைக்கை எடுத்துக்கொண்டு போனதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

ஏன் ஓடினீர்கள் என்று கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்கிறேன். என்னையும் அந்தப் பிள்ளையையும் தரையில் விட்டுவிட்டு எப்படி ஓட முடிந்தது? கொஞ்சம் நின்றிருந்தால் அந்த இருமல் உங்கள் காதில் விழுந்திருக்கும். நீங்கள் மெயினை இறக்கியதால்தான் அவள் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லை.

வலது உள்ளங்கை வெந்துவிட்டது. இரண்டு விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். மற்றபடி பேசுகிறாள், சிடுசிடுக்கிறாள், அம்மா ராமுத்தாயிடம் ரிப்பன் கேட்டுச் சண்டை போடுகிறாள். லேபைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். புகாரில் உங்கள் பெயர் இருக்கிறது. ஆள் ஓடியதால் தப்பு அவன்மேல்தான் என்று ஊரே பேசுகிறது.

வந்துவிடுங்கள். உங்கள் போன் இன்னும் அணைந்தே கிடக்கிறது. மீரான் அண்ணனிடம் ஒரு வார்த்தையாவது சொல்லி அனுப்புங்கள். அத்தை ஆற்றுப் பக்கம் போவதை இன்றோடு நிறுத்தினால் போதும் எனக்கு.

உங்கள்,
பவானி.


ஓடைப்பட்டி,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

மீரான் அண்ணன் எல்லாம் சொன்னார். நின்றபடியே என் கடிதத்தைப் படித்தீர்களாம். பிறகு ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்தீர்களாம். நான் அவர் போனில் ஏற்றி அனுப்பிய வீடியோவில் மாரீஸ்வரி பேசுவதை இரண்டு தரம் பார்த்தீர்களாம். அழுதீர்களாம். அதைக் கேட்டதும், அடுத்த ஜீப்பில் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று, அயர்ன் பண்ணி வைத்திருந்த உங்கள் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டேன். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. "கை ஏன் கட்டியிருக்கு?" என்று கேட்டீர்களாம். "அது அவ எழுதுற கையி. நான் மாட்டுன ஸ்விட்சு விழுந்திருந்தா அந்தக் கைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்கன வாறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்களாம்.

கொடியிலிருந்து சட்டையை எடுக்கவில்லை. அப்படியே இருக்கிறது.

இனி எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். சனிக்கிழமை மின் ஆய்வாளர் வந்தார். லேப் பொறுப்பில் இருப்பவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஞானசெல்வி அம்மா இருந்தார். சுருளியாண்டி அண்ணன் டார்ச் பிடித்து நின்றார். மூடியிருந்த அறைக்குள் போனோம். தரையில் அவளுடைய ஹேர் கிளிப் ஒன்று அப்படியே கிடந்தது.

ஆய்வாளர் முதலில் கர்ட்டன் கம்பியைக் கழற்றினார். அதை மாட்டின ஆணிகளில் ஒன்றை வெளியே எடுத்துக் காட்டினார். உங்கள் வேலை முடிந்து, திறப்புவிழாவுக்கு முன்னால் கர்ட்டன் கடையிலிருந்து ஆள் வந்து துளை போட்டு மாட்டிவிட்டுப் போனாரே, அந்த ஆணி. அது சுவருக்குள் இருந்த உங்கள் குழாயைத் துளைத்து, உள்ளே போகிற வயரைத் தொட்டிருந்தது. சுவர் காய்ந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மழையில் சுவர் ஊறியதும் கசிய ஆரம்பித்திருக்கிறது. அதனால்தான் ஸ்விட்ச் விழுந்து விழுந்து சொல்லியிருக்கிறது. நீங்கள் போனில் சொன்னது அப்படியே சரி.

அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் ஏன் விழவில்லை? நான் கேட்க நினைத்ததை அவரே சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். மாமா, அந்த ஸ்விட்சின் வழியாகக் கரண்ட் போகவே இல்லை. வருகிற வயரையும் போகிற வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தது. ஸ்விட்ச் ஒரு வேலையுமில்லாமல் சும்மா பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அது எப்படி விழும்?

"யாரு இத டைரக்ட் பண்ணது?" என்றார். ஞானசெல்வி அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது. ஆய்வாளர் என்னிடம் திரும்பி, "வயரிங் உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அவர்தான் பண்ணியிருக்கணும்" என்றார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நீங்களா என்று எனக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று இன்றுவரை கூசுகிறது. என் வீட்டுக்காரர் அந்த இரண்டு நாளும் கடமலைக்குண்டில் இருந்தார், ஸ்விட்ச் அவர் வைத்தது, அவர் அதைத் தொட மாட்டார் என்று சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அந்த மனிதர் கோபப்படவில்லை. "இருக்கலாம்மா. ஆனா ஆளு இங்கன இருந்தா அத அவரே சொல்லலாம்ல?" என்றார்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். உங்களிடம் பதில் இருக்கிறதா?

நீங்கள் குற்றவாளி இல்லை. அதைச் சனிக்கிழமை கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் யார் என்று தெரியவில்லை. பள்ளியில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். என்னோடு டீ குடிக்கிறவர்கள், காலையில் வணக்கம் சொல்கிறவர்கள், இவர்களில் ஒருவர்தான் அந்த வயரை முறுக்கியது. யாரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறேன்.

மாரீஸ்வரிக்குக் கட்டு மாற்றினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள். இடது கையால் எழுதிப் பழகுகிறேன் என்று தினத்தாள் ஓரத்தில் கிறுக்குகிறாள். ராமுத்தாய் என்னோடு பேசுவதில்லை. ஆனால் நான் கொண்டுபோகிற பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருகிறார். சுருளியாண்டி அண்ணன் நான் வந்தால் வார்டை விட்டு வெளியே போய்விடுகிறார்.

வாருங்கள் மாமா. கெஞ்சுவதற்கு எழுதவில்லை. உங்கள் வாயால் சொல்ல வேண்டியது ஒன்று இங்கே காத்திருக்கிறது. அதற்காகவாவது வாருங்கள்.

உங்கள்,
பவானி.


ஓடைப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

ஜீப் வாசலில் நிற்கிறது. மீரான் அண்ணன் அவசரப்படுத்தவில்லை, டீ குடிக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் கை ஓட மாட்டேன் என்கிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுருளியாண்டி அண்ணன் வந்து படியேறாமல் நின்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாரீஸ்வரிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பாத்திரத்தைக் கீழே வைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "புள்ளைக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றார். பிறகு, "அந்த வயர முறுக்குனது நான்தான்" என்றார்.

எனக்குக் கேட்டது. புரியவில்லை. என்ன என்று திரும்பக் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ தேனிக்குப் போன அன்னைக்கு ஸ்விட்சு நிக்கவே மாட்டேன்னுருச்சு. பெரிய டீச்சருக்குப் போன் மேல போன் வருது. 'எப்பிடியாச்சும் லைனக் கொண்டாங்க சுருளி, பிள்ளைக பரீட்ச போயிரும்'னு அழுகாத கொறையாச் சொன்னாக. எம்புள்ளைக்கும் அதே பரீட்சதான. மாப்ள வேல செய்யயில பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன்ல. ரெண்டையும் சேத்துவிட்டேன். எல்லா டிவியும் எரிஞ்சுச்சு. பிள்ளைக கை தட்டுச்சுக. பெருமையா நின்னேன் தங்கச்சி. அந்த இடத்துல பெருமையா நின்னேன்."

அன்றைக்கே இது தெரியுமா, தெரிந்துதான் என் புருஷன் சட்டையைப் பிடித்தீர்களா என்று கேட்டேன். அவர் தன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆத்தா சத்தியமா இல்ல. நான் செஞ்சதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இருக்கும்னே நெனைக்கல. மாப்ள வேலைதான் மோசம்னு நெனச்சேன். ஆபீசர் பெட்டியத் தொறந்து சொன்னாகல்ல, அப்பத்தான் காலுக்குக் கீழ தரையே இல்லாமப் போச்சு. சொல்லிருவோம்னு வாயெடுத்தேன். வரல. அன்னையிலருந்து எம்புள்ள கட்டப் பாக்குறப்பல்லாம் வாய் வரைக்கும் வருது, வெளிய வரல" என்றார்.

நான் கதவைச் சாத்திவிட்டேன் மாமா. நல்லவளாக நடந்துகொண்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவர் முகத்துக்கு நேராகச் சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆற்றில் கயிறு கட்டி இறங்கியவர்கள் கண்முன் வந்தார்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டது வந்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அத்தை எழுந்து போய்க் கதவைத் திறந்தார். சுருளியாண்டி அண்ணன் தூறலில் அதே இடத்தில்தான் நின்றார். அத்தை அவரை உள்ளே கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இத மொதல்ல ஒம்மககிட்டப் போய்ச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

சொன்னார். நானும் கூடப் போனேன். ராமுத்தாய் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தரையில் வீசினார். வார்டே திரும்பிப் பார்த்தது. மாரீஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அந்தப் பகல் முழுக்கத் திரும்பவில்லை. மறுநாளும் அப்பனிடம் பேச்சில்லை. நேற்று மதியம் சோற்றுத் தட்டை இடது கையால் அவர் பக்கம் தள்ளி, "ஊட்டி விடு" என்றாள். அவர் ஊட்டியதில் பாதிச் சோறு போர்வையில் சிந்தியது. மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. பசித்திருக்கலாம்.

அதற்கு முன்னாலேயே, வெள்ளிக்கிழமை, அவர் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஞானசெல்வி அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "நான் சொல்லித்தான் சுருளி செஞ்சார். பவானி எங்கிட்ட லேபைப் பூட்டியே வைக்கச் சொல்லியிருந்தா. அதையும் எழுதிக்கங்க" என்றார். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது அவருக்கு. வெளியே வந்ததும் செருப்பைத் தேடினார், காலில் போட்டுக்கொண்டே தேடினார். அவரைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

உங்கள்மேல் இப்போது எதுவும் இல்லை. ஒருமுறை வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். இனி விசாரணை அவர்கள் இரண்டு பேரையும் சுற்றித்தான்; கூப்பிடும்போது வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சுருளியாண்டி அண்ணனுக்கு வேலை இருக்குமா தெரியாது. லேப் எப்போது திறக்கும், திறந்தால் பிள்ளைகள் உள்ளே வருவார்களா, அதுவும் தெரியாது. அந்த வராந்தா வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எனக்கும் வீட்டில் லைட் போடும்போது கை ஒருகணம் நின்றுதான் போகிறது.

இதெல்லாம் உங்களுக்குச் சந்தோஷமான சேதி என்று நேற்று நினைத்தேன். எழுதும்போது அப்படித் தோன்றவில்லை. யார்மேலும் பழி போட முடியாமல் எல்லாருக்கும் வலிக்கிறது.

கடைசியாக ஒன்று. மீரான் அண்ணன் மட்டும் இறங்கிவந்து இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பார். ஜீப் கொஞ்சம் தள்ளி, சாலையோரம் நிற்கும். பின்சீட்டில் சுருளியாண்டி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். நான் அனுப்பவில்லை. அவரே வந்து, "நான் வெரட்டுனவன, நான்தான் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டார். மலைக் குளிருக்கு ஒரு சட்டைக்குமேல் ஒன்றுமில்லாமல் வந்திருக்கிறார். உங்கள் போர்வையைத்தான் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் கூப்பிட்டால்தான் அவர் இறங்குவார். கூப்பிடாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கூப்பிடவில்லை என்றாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கதவைச் சாத்தினவள்தான் நானும்.

ஆனால் அவர் பயப்படுகிறார் மாமா. நீங்கள் அன்றைக்கு எப்படிப் பயந்தீர்களோ, அதே மாதிரி.

மேட்டிலிருந்து இறங்கும்போது பனி மூடிவிடும், மீரான் அண்ணனை அவசரப்படுத்தாதீர்கள். சோறு வடித்து வைக்கிறேன். போனது இரண்டு பேர். திரும்பும்போது மூன்று பேராக வாருங்கள்.

காத்திருக்கும்,
பவானி.